ஆர்வம் இல்லாத மாணவன் எங்கே உருவாகிறான்?

கோவில்பட்டி வட்டாரத்தில் ஐடிஐ பயிற்றுநர் யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் இந்த வார்த்தை வந்துவிடும்: "இப்ப வர்ற பயலுகளுக்கு ஆர்வமே கிடையாது." இதற்கு நிர்வாகங்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து, மோட்டிவேஷன் பேச்சாளர். கோட்டு போட்ட ஒருவர் வந்து அப்துல் கலாம் கதை சொல்லி, எல்லோரையும் எழுந்து நின்று கைதட்ட வைத்துவிட்டுப் போவார். மறுநாள் கடைசி பெஞ்சில் அதே பையன் அதே மாதிரி உட்கார்ந்திருப்பான்.

ஆர்வத்தை யாரும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வருவதில்லை. அது ஒர்க்‌ஷாப்பில்தான் உண்டாகிறது, பெரும்பாலும் அங்கேயேதான் சாகவும் செய்கிறது.

ஃபிட்டர் பிரிவில் முதலில் கொடுக்கும் வேலை ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவித் தட்டையாக்குவது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். கை காய்க்கும், சலிப்பு வரும். அந்த நேரத்தில் பயிற்றுநர் பக்கத்தில் வந்து, "வலது கையை ரொம்ப அழுத்துற, அதான் ஓரம் இறங்குது" என்று சொன்னால் பையன் விடமாட்டான். "என்னத்த ராவுற, மாடு மேய்க்கப் போ" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

அடுத்தது லேத். ஒரு மிஷின், சுற்றி ஏழெட்டுப் பேர். மாமா பட்டறை வைத்திருக்கிற பையன் முதலில் கை வைப்பான், ஏற்கெனவே பழக்கம். சார் அவனிடமே அடுத்த வேலையையும் கொடுப்பார், சீக்கிரம் முடியும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் இரும்புத்தூளைக் கூட்டி அள்ள மட்டும் வேறொருவன் பெயர் கூப்பிடப்படும். யார் பெயர் என்று ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள் தோழர்களே. இரண்டு வருடம் வேடிக்கை பார்த்தவனுக்கு ஆர்வம் எங்கிருந்து வரும்? மிஷினில் யார் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று சுவரில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டினால் போதும், கூட்டுகிற வேலைக்கும் சேர்த்து. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சாதி இங்கே பெரும்பாலும் பெயர் சொல்லி வருவதில்லை. "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று வரும். உதவித்தொகைப் படிவம் வந்த அன்று "எஸ்சி பசங்க மட்டும் எந்திரிங்க" என்று வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டிக் கூப்பிடக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. அதில் பெரும்பகுதி பள்ளிகளைப் பற்றியது. ஐடிஐ வாசலோடு அது நின்றுவிட வேண்டுமா என்ன? படிவத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க எந்த அரசாணையும் தேவையில்லை.

பிறகு லீவு விவகாரம். கரிசல் மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைப்பு, தை மாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் வீட்டுக்கு வரும் காலம். அந்த வாரங்களில் விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கூலிக்குப் போவார்கள். அதைப் பொறுப்பின்மை என்று எழுதி வருகைச் சதவீதத்தைக் குறைத்தால், அடுத்து உதவித்தொகையில் சிக்கல், அதற்கடுத்து படிப்பே நிற்கும். அதே பையனிடம் கதிரடிக்கும் மிஷின் எங்கே மக்கர் பண்ணியது, பெல்ட் ஏன் நழுவியது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய அம்மாவின் மகளுக்கு வேகமும் கைப்பக்குவமும் என்னவென்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். பவர்பாயின்டில் ஜெர்மன் தொழிற்சாலையைக் காட்டித்தான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பயிற்றுநர்கள் மேல் மட்டும் பழி போட நான் இதை எழுதவில்லை. தொகுப்பூதியத்தில், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் ஒர்க்‌ஷாப்பில் யார் கையில் அரம், யார் கையில் விளக்குமாறு என்பதை முடிவு செய்வது அவர்கள்தான்.

1942இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது அம்பேத்கர் ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு நிதி கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழகும் இடம் வேண்டும் என்று கேட்டார். புத்தகம் மட்டும் போதாது, மிஷின் முன்னால் நிற்க இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அப்ரன்டிஸ் இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. தனியார் ஆலைக்கும் இது பொருந்தும். நான் பேசிய ஐடிஐ மாணவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. படித்து முடித்தால் எங்கே போவோம் என்று தெரியாதவனிடம் ஆர்வத்தை எதிர்பார்க்கிறோம்.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை திறந்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் நூற்பாலைகள் இருக்கின்றன. ஐடிஐயில் படிக்கும் தம்பி தங்கைகள் இந்த வாரமே உங்கள் சாரிடம் கேளுங்கள்: இந்த ஆலைகளில் அப்ரன்டிஸ் இடம் எத்தனை, அதில் 3ஏ படி நமக்கு எத்தனை, போன வருடம் இங்கிருந்து யார் போனார்கள்? அவருக்குத் தெரியவில்லை என்றால் மனு எழுத நாங்கள் வருகிறோம், அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.