ஃப்ளூ ரேப்பிட் டெஸ்ட்: ‘நெகட்டிவ்’ வந்தால் நம்பலாமா?

மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்தால், சுமார் 15 நிமிடத்தில் ரிசல்ட் வந்துவிடும். ‘நெகட்டிவ்’ என்றதும், ‘அப்பாடா, ஃப்ளூ இல்லை’ என்று மறுநாளே ஆபீஸ் கிளம்புபவர்கள் பலர். ஆனால், இந்த டெஸ்ட்டில் நெகட்டிவ் என்பதற்கு ‘ஃப்ளூ இல்லை’ என்று அர்த்தம் இல்லை. ‘பிடிபடவில்லை’ என்றுதான் அர்த்தம்.

எத்தனை வகை இருக்கு?

மூன்று. முதலாவது, சாதாரண ஆன்டிஜென் கிட்: வைரஸின் புரதத்தைத் தேடும், கோடு விழுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவதும் அதே வேலைதான். கோட்டைக் கருவி படித்துச் சொல்லும். மூன்றாவது, ரேப்பிட் மாலிக்யூலர் டெஸ்ட்: வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கித் தேடும்.

எது எவ்வளவு துல்லியம்?

பல ஆய்வுகளைத் தொகுத்து, ஆர்டி-பிசிஆர் முடிவுடன் ஒப்பிட்ட அலசல் ஒன்று 2017-ல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வெளியானது. அதன்படி, இன்ஃப்ளூயன்சா ‘ஏ’ இருக்கும் 100 பேரில்:

• சாதாரண கிட் கண்டுபிடிப்பது: சுமார் 54 பேர்
• கருவி படிக்கும் கிட்: சுமார் 80 பேர்
• மாலிக்யூலர்: சுமார் 92 பேர்

அதேநேரம், ஃப்ளூ இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்வதில் மூன்றுமே 98 சதவீதத்துக்கு மேல். அதாவது, பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம், நெகட்டிவ்தான் சிக்கல்.

ஏன் கோட்டை விடுகிறது?

ஆன்டிஜென் கிட் எதையும் பெருக்குவதில்லை. மாதிரியில் போதுமான வைரஸ் இருந்தால்தான் கோடு விழும். காய்ச்சல் தொடங்கி மூன்று, நான்கு நாட்கள் தாண்டினாலோ, மாதிரியைச் சரியாக எடுக்காவிட்டாலோ தவறும். குழந்தைகளைவிட பெரியவர்களிடம் அதிகம் தவறுவதற்கும், அவர்கள் மூக்கில் வைரஸ் குறைவாக இருப்பதே முக்கிய காரணம்.

சீசனும் முக்கியம்

ஒரு கணக்கு. ஃப்ளூ சீசனில் காய்ச்சலுடன் வரும் 1,000 பேரில் 400 பேருக்கு ஃப்ளூ என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கிட் 216 பேரைப் பிடிக்கும். 184 பேரை விட்டுவிடும். நெகட்டிவ் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஃப்ளூ இருக்கும்!

சீசன் இல்லாதபோது கதை தலைகீழ். 1,000 பேரில் 20 பேருக்குத்தான் ஃப்ளூ என்றால், சரியான பாசிட்டிவ் 11; தவறான பாசிட்டிவ் சுமார் 20.

விதிகள் என்ன சொல்கின்றன?

2009 பன்றிக்காய்ச்சல் காலத்திலேயே இந்த கிட்களின் குறை வெளியே தெரிந்தது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2017-ல் விதியை இறுக்கியது: மாலிக்யூலர் முறையுடன் ஒப்பிட்டால், ஃப்ளூ இருப்பவர்களில் குறைந்தது 80 சதவீதம் பேரையாவது ஆன்டிஜென் கிட் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தியாவில், லேசான அறிகுறி உள்ளவர்களுக்கு டெஸ்ட்டே தேவையில்லை என்பதுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் எச்1என்1 வழிகாட்டுதல்.

அப்போ என்ன செய்யலாம்?

ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எனவே கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் நெகட்டிவ் ரிசல்ட்டை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது. மூச்சுத்திணறல் இருந்தால் யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். மற்றவர்கள் காய்ச்சல் விடும்வரை வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம், ரிசல்ட்டில் என்ன வந்திருந்தாலும் சரி.