தாலி கட்டும் நேரத்து வெளிச்சம்

"எந்த லென்ஸ் நல்லது?" கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிராங்கூன் சாலைப் பக்கம், கோயில் கல்யாணங்கள் என்று பதில் வந்தால், கடை அலமாரியில் கண்ணைப் பறிக்கும் நீளமான வெள்ளை லென்ஸை மறந்துவிடச் சொல்வேன்.

நம் பேட்டையின் அளவு அப்படி. கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை, ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் பிறந்தது. அதிலும் பாதி அகலத்தைப் பூக்கூடையும் காய்கறிப் பெட்டியும் எடுத்துக்கொள்ளும். பஃப்பலோ சாலையில் மாலை கட்டுகிறவரை 200 மி.மீ. லென்ஸில் எடுக்க எதிர்ப்புறம் போய் நிற்க வேண்டும். நடுவில் வண்டியும் ஆட்களும் வந்துகொண்டே இருப்பார்கள். 35 மி.மீ. லென்ஸ் என்றால் அவர் பக்கத்திலேயே நிற்கலாம். அவ்வளவு பக்கத்தில் நிற்கிறவர், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்காமல் எடுக்க முடியாது. அந்தச் சிறிய லென்ஸை நான் விரும்புவதற்கு இதுதான் பெரிய காரணம். தெரியாமல் எடுத்த முகத்திலும் சம்மதித்து நிமிர்ந்த முகத்திலும் உள்ள வேறுபாடு படத்தில் தெரியும்.

இன்னொரு காரணம் வெளிச்சம். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் துளை எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 துளையுள்ள, நீட்டவோ சுருக்கவோ முடியாத ஒற்றைக் குவியத்தூர லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சார் சிறிய ஏபிஎஸ்-சி வகை என்றால், 35 மி.மீ. தரும் பார்வைக்கு 23 அல்லது 24 மி.மீ. வாங்க வேண்டும். தீபாவளி ஒளியலங்கார வளைவுகளுக்கு மட்டும் 85 மி.மீ. கையில் இருந்தால் நல்லது. தூரத்திலிருந்து எடுக்கும்போது வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி அடுக்கிக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு வருவோம். ஃபிளாஷைக் கேமராவின் தலையில் மாட்டி நேரே அடிப்பதைப் போல ஒரு முகூர்த்தத்தைக் கெடுப்பது வேறில்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஒரு மீட்டரில் இருக்கும் மாப்பிள்ளை வெளுத்துப்போவார். மூன்று மீட்டரில் நிற்கும் தாய்மாமன் இருட்டில் கரைவார். நடுவில் ஓமப்புகை எழுந்தால் அது வெள்ளைத் திரையாக எல்லாரையும் மூடிவிடும். சரி, கூரையில் பட்டுத் தெறிக்கட்டும் என்று ஃபிளாஷை மேலே திருப்பினால், கோயில் விதானங்களில் நீலமும் சிவப்புமாக வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அந்த வண்ணமெல்லாம் பெண்ணின் கன்னத்தில் இறங்கும்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து, பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி வைத்துப் பாருங்கள். அதே புகை பொன்னாக ஒளிரும், பட்டுச் சரிகை எழுந்து நிற்கும். இதற்குத்தான் வயர்லெஸ். பழைய முறையில் கேமராவிலிருந்து கிளம்பும் ஒளித்துடிப்பே கட்டளை. எதிரிலுள்ள ஃபிளாஷின் கண்ணில் அது பட்டாக வேண்டும். கெட்டிமேளம் ஒலித்ததும் சித்தப்பாவும் பெரியம்மாவும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்துவிடுவார்கள். கட்டளை அவர்கள் முதுகோடு நின்றுவிடும். தாலி மூன்று முடிச்சில் முடிந்துபோகும். இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியுமா?

ரேடியோ அலைக்கு முதுகும் தூணும் பெரிய தடையில்லை. கேனன் 2012இல் தன் 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷுக்குள்ளேயே ரேடியோவை வைத்தது; நைக்கான் 2016இல் எஸ்பி-5000இல் அதைச் செய்தது. கோடாக்ஸ் போன்ற சீன நிறுவனங்கள் அதே வசதியை விலை குறைத்துத் தந்த பிறகு, புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கும் அது எட்டியது. வாங்கும்போது, கேமராவிலிருந்து ரேடியோ கட்டளை அனுப்பும் டிரிகர் உங்கள் கேமரா நிறுவனத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள். அது தவறினால் ஃபிளாஷின் தானியங்கி ஒளியளவு வேலை செய்யாது. மண்டபத்தின் வைஃபையும் புளூடூத்தும் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பெரும்பாலான டிரிகர்களும் பேசுகின்றன. ஃபிளாஷ் விட்டுவிட்டு எரிந்தால் சேனலை மாற்றிப் பாருங்கள். கூட்டத்தில் ஸ்டாண்டை நிறுத்துவதைவிட, உதவியாளர் ஒருவர் கழியில் தூக்கிப் பிடிப்பது பிள்ளைகள் ஓடும் இடத்தில் பாதுகாப்பு.

கல்யாணம் முடிந்து வாசலில் குடும்பப் படம். நண்பகலில் நம் வெயில் உச்சந்தலையில் விழும், கண்குழியெல்லாம் கறுப்பாகும். பலரும் ஃபிளாஷ் இரவுக்கு என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது நண்பகலுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு ஷட்டர் 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் போகாது. எனவே ஐஎஸ்ஓ 100இல் துளை எஃப் 10, 11 என்று சுருங்கும். பலத்தைச் சொல்லும் வழிகாட்டி எண் 36 உள்ள ஃபிளாஷ், எஃப் 11இல் மூன்றேகால் மீட்டர்தான் எட்டும். பெரிய குடும்பத்துக்கு இரண்டு ஃபிளாஷ் வேண்டும். ஷட்டர் அந்த வேக வரம்பைத் தாண்டினாலும் ஃபிளாஷை எரியவைக்கும் ஹைஸ்பீட் சிங்க் துளையைத் திறக்கவிடும், ஆனால் ஃபிளாஷின் பலத்தைத் தின்றுவிடும்.

தைப்பூசத்தன்று ஃபிளாஷ் பைக்குள்ளேயே இருக்கட்டும். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து நடப்பவரின் முகத்தில், விடியாத இருட்டில் ஒளியைப் பாய்ச்ச நமக்கு உரிமையில்லை. ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தெரிந்தால் தெரியட்டும்.

பழைய லென்ஸ் வாங்க பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போகிறவர்கள், கைபேசி விளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியே பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. அடுத்த லென்ஸுக்குச் சேர்த்த வெள்ளியில் முதலில் ஓர் உலர்பெட்டி வாங்கி, ஈரப்பதம் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கும்படி வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே தெருவுக்கு வந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். படம் எடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பே இறங்கி, பையைத் திறக்காமல் ஒரு டீ குடித்துவிட்டுத் தொடங்குங்கள்.