கணிப்பு ஓட மடிக்கணினி விழித்திருக்க வேண்டுமா?

இறுதியாண்டுத் திட்டப்பணிக் காலத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றால், சாப்பிடப் போகும்போதும் மடிக்கணினியை மூடாமல் பாதி திறந்தபடியே ஏந்திச் செல்லும் மாணவர்களைப் பார்க்கலாம். மூடினால் இணைப்பு போகும். அதோடு கணினித் தொகுப்பில் ஆறு மணி நேரமாக ஓடும் கணிப்பும் போய்விடும் என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து நேரடியாக ஒரு நிரலை ஓட்டினால், இணைப்பு அறுந்ததும் அதற்கு ‘ஹேங் அப்’ என்ற சமிக்ஞை போகும். பெரும்பாலான நிரல்கள் அங்கேயே நின்றுவிடும். தொலைபேசி மோடம் வழியாகக் கணினியை அடைந்த காலத்துப் பெயர் அது. எதிர்முனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்று பொருள்!

நண்பர்கள் முதலில் சொல்லும் யோசனை, நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா’ என்று சர்வரைக் கேட்கும்படி எஸ்எஸ்எச்சை அமைப்பது. சும்மா கிடக்கும் இணைப்பு துண்டிக்கப்படாமல் இருக்க அது உதவும். ஆனால், மடிக்கணினியே உறங்கிவிட்டால் யார் கேட்பது?

டீமக்ஸ் இதைவிட நல்ல வழி. 1987ல் வந்த ‘ஸ்கிரீன்’ செய்ததைத்தான் 2007ல் வந்த இதுவும் செய்கிறது. அமர்வு நம் கையிலுள்ள கணினியில் இல்லாமல் தொலைவிலுள்ள கணினியிலேயே இருக்கும். கன்ட்ரோல்-பி, பிறகு டி என அழுத்தி வெளியேறலாம். வீட்டிலிருந்து மீண்டும் நுழைந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நுழைவுக் கணினிகள் பல இருந்தால், எதில் தொடங்கினோம் என்பதைக் குறித்துக்கொள்வது அவசியம். மற்றொன்றில் போய்த் தேடினால் கிடைக்காது.

இருந்தாலும் டீமக்ஸே போதும் என்பவர்களுடன் நான் உடன்படவில்லை. நுழைவுக் கணினி எல்லாருக்கும் பொது. அதில் ஒருவர் இரவெல்லாம் கணிப்பு ஓட்டினால், மற்றவர்களுக்குக் கோப்பைத் திறக்கவே நேரமாகும். ஜிபியு ஒன்றை அமர்வில் பிடித்துவைத்துக்கொண்டு தூங்கிவிடுவது இன்னும் மோசம். நிரல் நள்ளிரவில் முடிந்திருக்கும்; வரிசையில் மற்றவர்கள் காத்திருக்க, ஜிபியு காலை வரை சும்மா கிடக்கும். நீண்ட வேலையை ஸ்லர்ம், பிபிஎஸ் போன்ற வரிசை மேலாண்மை மென்பொருளிடம் ஒப்படைப்பதே முறை. முறை வந்ததும் அது தானே ஓட்டும். முடிவு கோப்பில் இருக்கும். நம் முனையம் திறந்திருக்கவே தேவையில்லை. எழுதவும் எட்டிப்பார்க்கவும் டீமக்ஸ் போதும்.

இதையெல்லாம் பாடத்தில் சொல்லித்தருவது அரிது. அமெரிக்காவின் எம்ஐடியில் 2020ல் ‘தி மிஸ்ஸிங் செமஸ்டர்’ என்றே பெயரிட்டு, டீமக்ஸ் உள்ளிட்ட அடிப்படைக் கருவிகளை வகுப்பாக நடத்தினார்கள். இங்கு நம்மில் பலருக்கு மூத்த மாணவர் அனுப்பும் வாட்ஸ்அப் குறிப்புதான் பாடப்புத்தகம். கணினியியல் மாணவர்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். மரபணுத் தரவோடு முதன்முறை தொகுப்புக்கு வரும் உயிரியல் மாணவிக்கு அந்த மூத்தவரும் இல்லை. கணக்கைத் திறந்து கொடுக்கும் நாளிலேயே ஒரு மணி நேரப் பயிற்சி கட்டாயமாகட்டும்: வேலையை வரிசைக்கு அனுப்புவது, எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிடுவது, இடையிடையே முடிவைச் சேமிப்பது. டீமக்ஸுக்குக் கடைசிப் பத்து நிமிடம் போதும்.