தூளுக்குள்ள என்ன இருக்கு?

என்ரை பேத்திக்கு இப்ப ஒரு புது விளையாட்டு. கடையில் எதை எடுத்தாலும் பின்பக்கம் திருப்பி, அந்தப் பொடி எழுத்தை வாசித்து முடித்த பிறகுதான் வண்டிலுக்குள் போட விடுகிறாள். போன மாதம் ஒரு சிவப்பு இனிப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "அம்மப்பா, ஈ 120 எண்டால் பூச்சி, தெரியுமோ?" என்று டொச்சில் சத்தமாய்க் கேட்டாள். பக்கத்தில் நின்ற கிழவி தன்ரை கையில் இருந்த பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் துவங்கிவிட்டா.

எனக்குத் தெரியும். கள்ளிச்செடியில் ஒட்டி வாழுகிற ஒரு சின்னப் பூச்சியைக் காயவைத்து எடுக்கிற சிவப்பு அது. பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வருகிறது. சிலருக்கு ஒவ்வாமை வரும் என்பதைத் தவிரப் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சைவம் இல்லை.

அவள் கேட்டதும் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

அப்பா போன பிறகு அம்மா மச்சத்தை அடியோடு விட்டவ. 1997இல் இங்கே ஜேர்மனிக்கு எங்களோடு இருக்க வந்த பிறகும் தனக்கு வேறை சட்டி, வேறை கரண்டி. நாங்கள் இறைச்சி காய்ச்சுகிற நாளில் குசினிப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டா. அப்பிடிப்பட்ட மனிசிக்கு இந்த நாட்டில் பிடித்துப்போன ஒரே ஒரு சாப்பாடு, சின்னக் கோப்பையில் வருகிற ஸ்ட்ரோபெரி யோகட். வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் அதுதான். "பால்தானே மோனை, சைவம்" என்பா. நானும் அப்பிடித்தான் நினைத்தேன். ஆறு வருசம் வாங்கிக் கொடுத்தேன்.

வேலையிடத்தில் ஒரு துருக்கிக்காரர் இருந்தார். ஒருநாள் இடைவேளையில் அதே யோகட்டில் ஒன்றை நீட்டினேன். வாங்கினவர் முதலில் வாசித்தார், பிறகு திருப்பித் தந்தார். "இதிலை ஜெலட்டின் இருக்கு, எனக்குக் கூடாது." பன்றியின் தோலையும் மாட்டின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி எடுக்கிற சாமான் அது, ஐரோப்பாவில் கூடுதலாய்ப் பன்றித்தோலிலிருந்துதான் வருகிறது என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். யோகட் தண்ணியாய் ஓடாமல் இறுகி நிற்பதற்குச் சேர்க்கிறார்களாம். ஒளிக்கவில்லை, கோப்பையில் எழுதித்தான் இருந்தது. பதினெட்டு வருசம் இந்த நாட்டில் இருந்தும் வாசிக்காதது என்ரை பிழை.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆறு வருச விரதத்தை ஒரு சொல்லில் முறிக்க மனம் வரவில்லை. மனிசியும் நானும் இரவிரவாய்க் கதைத்து, ஜெலட்டின் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வைத்தோம். முதல் கரண்டியிலேயே பிடித்துவிட்டா. "இது முந்தின மாதிரி இறுக்கமாயில்லை. மலிவுச் சாமான் வாங்கத் துவங்கிட்டியோ?" என்று கேட்டா. "ஓமம்மா, வேலையிலை மணித்தியாலம் குறைச்சுப் போட்டாங்கள்" என்றேன். பாவம், அதுக்குப் பிறகு என்ரை சம்பளத்துக்காகவும் நேர்த்தி வைத்தா.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் இல்லை. விரதம் முறிக்கக் கொடுத்த தெளிந்த அப்பிள் சாறும் இருக்கிறதே! கலங்கல் சாற்றுக்குள் ஜெலட்டினைப் போட்டால் கலங்கல் அடியில் படிந்துவிடும், பிறகு வடித்து எடுத்துவிடலாம். அது சேர்மானம் அல்ல, பதப்படுத்த உதவின பொருள், ஆகவே போத்தலில் எழுதத் தேவையில்லை. இதைக் களவென்று சொல்லேலாது, சட்டமே அப்பிடித்தான். எல்லாச் சாறும் இப்பிடி இல்லை. ஆனால் எது இப்பிடி, எது இல்லை என்பதைப் போத்தலின் சேர்மானப் பட்டியலைப் பார்த்து அறிய வழி இல்லை.

2013இல் குதிரை இறைச்சிக் கதை வந்தபோது எங்கடை ஆக்கள் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. அயர்லாந்தில் மாட்டிறைச்சி என்று விற்ற 27 வகை பேர்கரைச் சோதித்தார்கள். 10இல் குதிரையின் மரபணு, 23இல் பன்றியின் மரபணு. ஒன்றில் குதிரை 29 வீதம். அடுத்த மாதமே இங்கேயும் உறைபெட்டி லசானியாவில் குதிரை ஓடிவந்தது. "வெள்ளைக்காரன்ரை சாப்பாட்டை நம்பேலாது" என்று கலியாண வீடு, செத்தவீடு எல்லா இடத்திலும் இதே கதைதான். நானும் கதைத்தேன்.

ஆனால் நாங்கள் ஒருநாளைக்கு மூன்று நேரமும் சாப்பிடுகிற மிளகாய்த்தூளைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மிளகாய்த்தூளின் கதை குதிரையை விட மோசம். 2003இல் பிரான்சில், இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்த்தூளுக்குள் சூடான் 1 என்ற சிவப்புச் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். மெழுகுக்கும் பொலிசுக்கும் போடுகிற சாயம், சாப்பாட்டுக்குத் தடை. 2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில் அந்த மிளகாய்த்தூள் ஒரு சோசுக்குள் போய், அந்த சோஸ் வேறு சாப்பாடுகளுக்குள் போய், 400க்கு மேற்பட்ட பொருட்களைத் தட்டிலிருந்து இறக்கினார்கள். அந்தச் சாயத்தின் பெயர் ஒரு பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. பேத்தி எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். லேபலில் இருப்பது செய்தவன் ஒப்புக்கொள்கிற பட்டியல். அவன் ஒப்புக்கொள்ளாதது வேறை எங்கேயோ இருக்கிறது.

மஞ்சளும் அப்பிடித்தான். பங்களாதேசில் மஞ்சள் மஞ்சளாய்ப் பளபளக்க ஈயக் குரோமேட் தேய்த்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம். அரசாங்கம் இறங்கிப் பிடித்துத் தண்டித்த பிறகு 2021இல் ஒன்றிலும் இல்லை. மனம் வைத்தால் இரண்டு வருசத்தில் நிற்பாட்டலாம் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

என்னை ஆகத் தொட்டது கறுவாக் கதை. 2023இல் அமெரிக்காவில் அப்பிளும் கறுவாவும் கலந்த குழந்தைச் சாப்பாட்டால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. கறுவாப் பட்டை போனது இலங்கையிலிருந்து. எங்கடை நாட்டின் பெயர் அடிபட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சோதித்துப் பார்த்தால், பட்டையில் ஈயம் இல்லை. எக்குவடோரில் தூளாக்கின பிறகுதான் இருந்தது. பட்டையாய் இருக்கும்வரை கறுவா, தூளானால் யாருக்குத் தெரியும்?

அம்மா இதை எந்த ஆய்வுகூடமும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தா. ஊரில் எங்கடை வீட்டில் தூள் வாங்கினதே கிடையாது. செத்தல் மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை, எல்லாம் வெயிலில் காய்ந்து, தாச்சியில் வறுபட்டு, மில்லுக்குப் போகும். அம்மா மில்காரருக்குப் பக்கத்தில், தும்மித் தும்மி, கடைசித் தூள் விழும்வரை நிற்பா. முன்னுக்கு அரைத்தவரின் தூள் ஒட்டியிருக்கும் என்று முதல் பிடியை ஒதுக்கிவிடச் சொல்லுவா. ஊரில் கலப்படமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மிளகுக்குள் பப்பாசி விதையும் தூளுக்குள் செங்கட்டித் தூளும் அங்கேயும் கேள்விப்பட்ட கதைதான். அதனால்தான் அவ நின்றவ.

நான்? நாற்பது வருசமாய் எங்கடை கடையில் வறுத்த தூள் வாங்குகிறேன். வெறும் பிளாஸ்ரிக் பை. விலை மட்டும் பேனையால் எழுதியிருக்கும். பேத்தி அதையும் ஒருநாள் திருப்பிப் பார்த்தாள். "இதிலை ஒண்டும் எழுதேல்லையே?" "அது எங்கடை ஆக்களின்ரை" என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்காரரிடம் கேட்டேன். "தம்பி, இதுக்குள்ள என்னென்ன போடுறியள்? எங்கை அரைக்கிறது?" முகம் கறுத்துவிட்டது. "என்ன அண்ணை, இவ்வளவு வருசம் வாங்கிப்போட்டு இப்ப நம்பிக்கை இல்லையோ?" நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் நல்ல மனிசன். ஆனால் இதே கேள்வியை நான் சூப்பர்மார்க்கெட்டில் கேட்டிருந்தால் ஒருத்தரும் கோபித்திருக்க மாட்டார்கள், பெட்டியைத் திருப்பிக் காட்டியிருப்பார்கள். எங்கடை கடையில் அது துரோகம் போல இருக்கிறது. பின்னுக்கு வரிசையில் நின்ற இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். ஆனால் அவர்களும் பதிலுக்குக் காத்துக்கொண்டுதான் நின்றார்கள் என்று எனக்குப் பட்டது. பதில் வரவில்லை.

அன்றைக்குத் தூள் வாங்கவில்லை, முழுச் சாமானாய் வாங்கி வந்தேன். யன்னலெல்லாம் திறந்துவிட்டு வறுத்தேன். புகை அறிவிப்பான் கத்தியது. கீழ்வீட்டு மனிசி மணி அடித்து, என்ன எரிகிறது என்று இருமிக்கொண்டே கேட்டா. கோப்பி அரைக்கிற மெசினில் எட்டுத் தரம் போட்டு அரைத்தேன்.

பேத்தி ஒரு வெள்ளைத் துண்டு எடுத்து, நிறை கூடினது முதலில் வரவேணும் என்று சட்டம் சொல்லி, மல்லியில் தொடங்கி மஞ்சள் வரை வரிசையாய் எழுதிப் போத்தலில் ஒட்டினாள். பிறகு, "மிளகாய் எந்த நாடு? அதையும் எழுதுவம்" என்றாள்.

குப்பைக்குள் போட்ட பையை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பொதி செய்த நாடு நெதர்லாந்து என்று மட்டும் இருந்தது.