சிறகு குன்றிய வண்டும் இரை தொடாத புழுவும்

அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள மதீராத் தீவுகளின் வண்டுகளை அரும்பாடுபட்டுச் சேர்த்த தாமஸ் வெர்னன் வொல்லாஸ்டன், 1854இல் அவற்றை நூலாக்கினார். அங்கே அறியப்பட்ட 550 இனங்களில் 200 இனங்கள் பறக்க இயலாத அளவுக்குச் சிறகு குன்றியவை என்ற கணக்கை டார்வின் எடுத்தாண்டார். பறந்தவற்றைக் காற்று கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது, தரையில் ஒடுங்கியவை பிழைத்தன என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. இழப்பே பிழைப்பாகக்கூடும் என்ற எண்ணத்தை அந்தத் தலைமுறை நமக்கு விட்டுச் சென்றது. ஆனால் நெடுங்காலம் நம் கண்ணெல்லாம் வளர்ந்த வண்டின் மீதே இருந்தது. அதற்கு முந்திய புழுப்பருவம் மண்ணுக்குள் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

கடல் சூழ்ந்தால்தான் தீவு என்பதில்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் அடைபட்ட உயிருக்குக் குகையும் ஒரு தீவுதான். பிரனீஸ் மலைகளிலும், ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கண்டத்தை விட்டு விலகத் தொடங்கிய சார்தீனியாவிலும் லெப்டோடிரினி குலத்துச் சிறுவண்டுகள் இப்படித்தான் நிலத்தடியில் வாழ்கின்றன. இவற்றின் மூதாதையருக்குப் புழுவாக மூன்று பருவங்கள் இருந்தன. உண்டு வளர்ந்து, இருமுறை தோலுரித்து, பிறகே கூட்டுப்புழுவாகும். சில மரபுகளில் அது இரண்டாகச் சுருங்கியது. இன்னும் சிலவற்றில் எஞ்சியது ஒரே பருவம்தான். பிரெஞ்சு ஆய்வாளர் சில்வி டெலுரான்ஸ்-கிளாசோன் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வளர்த்துப் பார்த்து, 1963இல் இவ்வாழ்க்கையை விரிவாக எழுதினார். தாய் இடுவது மிகச் சில முட்டைகள்; ஆனால் அவை பெரியவை. வெளிவரும் புழு இரை தொடுவதில்லை. களிமண்ணில் அறை கட்டி உள்ளே தன்னை அடைத்துக்கொண்டு, முட்டையில் தாய் வைத்த சேமிப்பிலேயே உருமாறுகிறது. உணவு அரிதான இருளில் குழந்தை அலைந்து தேட வேண்டியதைத் தாய் முன்னதாகவே தேடி வைத்துவிடுகிறாள். இதைவிட உருக்கமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இத்தகைய உயிர்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயரில் இரக்கமும் இருந்தது, அவசரமும் இருந்தது. குகை வண்டுகளுக்கே வாழ்நாளைக் கொடுத்த ரெனே ஜான்னெல், 1943இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அவற்றை வாழும் புதைபடிவங்கள் என்றார். இவ்வளவு தூரம் ஒடுங்கியது இனி எங்கே போகும் என்ற ஐயம் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. மறைந்த இக்னாசியோ ரிபேராவும் உடன் உழைத்தோரும் 2014இல் மரபணு வழியே இக்குலத்தின் கிளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது வேறொரு வரலாறு தெரிந்தது. பிரனீஸில் மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றான மாற்றம் பலமுறை தனித்தனியே நேரவில்லை. ஒலிகோசீன் முடிந்து மயோசீன் தொடங்கும் காலத்தையொட்டி ஒரே ஒருமுறைதான் நேர்ந்தது. அந்த ஒற்றைப் பருவ மரபோ, மற்றவற்றைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் புதிய இனங்களாகக் கிளைத்திருக்கிறது. மூன்று பருவப் பழைய வழியும் அழிந்துவிடவில்லை. அதே மலைகளில் அந்தப் புழுக்கள் இன்றும் உண்டு, உரித்து, வளர்ந்துகொண்டிருக்கின்றன.