சகோதர சத்தியமும் பதவிப் பிரமாணமும்

2004 பிப்ரவரியில், மறுதேர்தலுக்கு நின்ற அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை அவரது அலுவலகத்திலேயே பேட்டி கண்டார் என்பிசி தொலைக்காட்சியின் டிம் ரஸ்ஸர்ட். அரசியல்வாதிகளை விடாமல் குடைந்து கேட்பதற்குப் பெயர் பெற்றவர் அவர். நீங்களும் ஜான் கெர்ரியும் யேல் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ சங்கத்தவர்கள் ஆயிற்றே என்று கேட்டார். அது ரகசியம், அதைப் பற்றிப் பேச முடியாது என்று புஷ் பதில் சொன்னார். சில மாதங்களுக்கு முன்பு கெர்ரியிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டிருந்தது. அவரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். இரண்டு முறையும் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஆண்டுக்குப் பதினைந்து பேரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் ஒரு மாணவர் சங்கத்திலிருந்து, ஒரே தேர்தலில் இரு பெரும் கட்சிகளின் அதிபர் வேட்பாளர்களும் வந்திருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதாமல் இல்லை. நியூ ஹேவன் நகரில் உள்ள அந்தச் சங்கத்தின் கல் கட்டடத்தைப் பற்றி எழுதினார்கள். பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவின் மண்டையோடு அதற்குள் இருக்கிறதா என்ற பழைய வதந்தியைக் கிளறினார்கள். ஆனால் அவசியமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. வால் ஸ்ட்ரீட்டைக் கண்காணிக்கும் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்கு 2003-ல் தலைவராக வந்த வில்லியம் டொனால்ட்சன் அதே சங்கத்தவர். நீதித் துறையின் மூன்றாவது பெரிய பதவியில் அமர்ந்த ராபர்ட் மெக்கல்லம், புஷ்ஷோடு சேர்ந்து 1968-ம் ஆண்டுக் குழுவில் இருந்த பதினைந்து பேரில் ஒருவர். இவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. டொனால்ட்சன் நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவராகவே இருந்தவர். இந்த நியமனங்களில் சங்கத்தில் செய்த பழைய சத்தியத்துக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்று அதிபரிடம் நேருக்கு நேர் கேட்டிருக்க வேண்டும் என்பதே நம் வாதம். இதை எழுதியவர்கள் சிலர் உண்டு. ஆனால் பெரிய மேடைகளில் அந்தக் கேள்வி எழவில்லை.

இந்தக் கேள்வி ஸ்கல் அண்ட் போன்ஸோடு நிற்பதில்லை. கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொள்ளும் அமெரிக்கக் கல்லூரிச் சகோதர சங்கங்களைப் படிப்பு முடிந்ததும் கலைந்துபோகும் மாணவர் குழுக்களாக நினைப்பது தவறு. அவற்றுக்குச் சொந்த வீடுகள் உண்டு, தேசியத் தலைமையகம் உண்டு, பணம் உண்டு. புதிதாகச் சேருகிறவர் சில வாரங்கள் சோதிக்கப்படுகிறார். பிறகு சத்தியம் செய்து கொடுக்கிறார். அந்த உறுப்பினர் நிலை வாழ்நாள் முழுவதற்குமானது. முதல் வேலைக்கான சிபாரிசிலிருந்து தேர்தல் செலவுக்கான நன்கொடை வரை அந்த உறவு கூடவே வருகிறது. சட்டம் இயற்றும் இடத்துக்கு ஒருவர் வந்த பிறகும் இப்படியொரு கடப்பாடு அவரிடம் இருக்கிறதென்றால், அவரது பங்கு முதலீட்டையும் குடும்பத் தொழிலையும் விசாரிக்கிற அதே கண்டிப்போடு பத்திரிகைகள் இதையும் விசாரிக்க வேண்டும். இளமைக்கால ருசிகரச் செய்தியாக ஒரு பெட்டிக்குள் போட்டு முடித்துவிடக் கூடாது.

டிரென்ட் லாட்டின் வரலாறு இதற்குப் போதுமான சாட்சி. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் ‘சிக்மா நூ’ சங்கத்தவர். 1960-களின் தொடக்கத்தில் அந்தச் சங்கத்தின் தேசிய மாநாட்டில், கறுப்பின மாணவர்களைச் சேர்க்கலாமா என்ற விவாதம் வந்தது. எந்தக் கல்லூரிக் கிளையிலும் சேர்க்கக் கூடாது என்று போராடி வென்ற தரப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் லாட். இந்தச் செய்தியை 2002 டிசம்பரில்தான் ‘டைம்’ இதழ் வெளியிட்டது. அதற்குள் அவர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்து, 1996-லிருந்து செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராகவும் இருந்துவிட்டார். இனப்பிரிவினையை முழங்கி 1948-ல் அதிபர் தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில் லாட் அவரைப் புகழ்ந்து வாய்தவறிப் பேசி, நாடே கொதித்திருக்காவிட்டால் அப்போதும் அது வெளிவந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த மாநாட்டில் நடந்ததை ‘டைம்’ இதழிடம் சொன்னவர் டாம் ஜான்சன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்த அவரும் சிக்மா நூ உறுப்பினர். பின்னாளில் சிஎன்என் தொலைக்காட்சியின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர். முன்வந்து உண்மையைச் சொன்ன அவருக்கு மதிப்பளிக்க வேண்டும். ஆனாலும், நாட்டின் சட்டங்களைத் தீர்மானிக்கும் ஒருவரைப் பற்றிய இவ்வளவு முக்கியமான தகவல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சகோதரர்களின் நினைவுக்குள்ளேயே கிடந்தது என்பதும், அந்தச் சகோதரர்களில் ஒருவர் செய்தி உலகின் உச்சியில் இருந்தார் என்பதும் நம்மைக் கலங்க வைக்கின்றன. சங்கத்தின் வலை அரசியலோடு நிற்பதில்லை. பத்திரிகை அலுவலகங்களுக்குள்ளும் அது நீளுகிறது. தேர்தல் செய்தி எழுதுகிறவர், தான் எழுதும் வேட்பாளரின் சங்கத்தைச் சேர்ந்தவராக இருந்தால், அதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

லாட்டின் கதை 2002-ல் முடிந்துவிடவில்லை. 2015-ல் சகோதர சங்கங்களின் தேசிய அமைப்புகள் ஒரு மசோதாவுக்கு ஆதரவு திரட்டின. பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி காவல் துறையில் புகார் கொடுக்காதவரை கல்லூரி தானாக விசாரிக்க முடியாதபடி அந்த மசோதா கைகளைக் கட்டிப்போட்டது. அதற்காக நாடாளுமன்றத்தில் பேசிப் பார்க்க அவர்கள் அமர்த்திக்கொண்டவர் முன்னாள் செனட்டர் டிரென்ட் லாட். இந்த முறை பத்திரிகைகள் விழித்திருந்தன. செய்திகள் வந்ததும் மாணவியரின் சங்கங்கள் சில வெளிப்படையாக எதிர்த்தன. சில மாதங்களில் தேசிய அமைப்புகளும் ஆதரவை விலக்கிக்கொண்டன. சரியான கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

ராகிங் விவகாரத்தில் அந்த விழிப்பு தாமதமாகவே வந்தது. ‘ஃப்ராட்பேக்’ என்று அழைக்கப்படும் அரசியல் நிதிக் குழுவைச் சகோதர சங்கங்கள் 2005-ல் தொடங்கின. இரு கட்சியினருக்கும் அது நன்கொடை கொடுக்கிறது. சங்க வீடுகளைக் கட்டவும் புதுப்பிக்கவும் வரிச்சலுகை கேட்கிறது. ஃபுளோரிடாவில் கல்லூரி இசைக்குழு மாணவர் ஒருவர் ராகிங்கில் அடிபட்டு இறந்த மறு ஆண்டு, 2012-ல், ஃபிரெடரிகா வில்சன் என்ற நாடாளுமன்றப் பெண் உறுப்பினர் நாடு தழுவிய ராகிங் தடுப்புச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். அவரும் ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர்தான், அதன் பொறுப்புகளில் இருந்தவர். அறிவித்த மசோதா தாக்கலாகவில்லை. ஃப்ராட்பேக் அதற்கு எதிராக வேலை செய்ததை ‘புளூம்பர்க்’ 2013-ல் விரிவாக எழுதியது. பெரும்பாலான மாநிலங்களில் ராகிங் சட்டங்கள் இருந்தன. ஆனால் எந்தச் சங்கத்தில் என்ன கொடுமை நடந்தது என்பதைக் கல்லூரிகள் ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயம் 2024 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் சங்கங்களே அதை ஆதரிக்கும் நிலைக்கு வந்திருந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றப் படிகளை ஏறி இறங்கியதன் பலன் அது.

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டதும் தமிழ்நாடு கொதித்ததும், அடுத்த ஆண்டே தடைச் சட்டம் வந்ததும் நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டம் வந்ததால் ராகிங் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இங்கே குற்றவாளிகளுக்குப் பின்னால், வாழ்நாள் சத்தியம் செய்து கொடுத்த செனட்டர்களும் நீதிபதிகளும் நிற்கவில்லை.

பெரிய பத்திரிகைகள் தவறவிட்ட இடங்களில் மாணவர் பத்திரிகைகள் நின்று வேலை செய்திருக்கின்றன என்பதையும் இங்கே பதிய வேண்டும். யேலில் ‘டெல்டா கப்பா எப்சிலான்’ சங்கம் புதியவர்களின் உடம்பில் சூடு போடுவதை 1967-ல் முதலில் எழுதியது அங்குள்ள மாணவர் நாளிதழ். அது சிகரெட் சுட்ட காயம் போன்றதுதான் என்று அப்போது ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளரிடம் விளக்கம் சொன்ன முன்னாள் சங்கத் தலைவர், பின்னாளின் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அலபாமா பல்கலைக்கழகத்தில் சகோதர சங்கங்களின் ரகசியக் கூட்டணி ஒன்று ‘தி மெஷின்’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக மாணவர் தேர்தல்களை ஆட்டிவைத்து, மாநில அரசியலுக்கு ஆள் அனுப்பி வந்தது. 2013-ல் டஸ்கலூசா நகரப் பள்ளி வாரியத் தேர்தலில், வாக்களித்துவிட்டு வந்தால் இலவச மது, ஏறிப் போக லிமோசின் என்று சங்க மாணவியருக்கு மின்னஞ்சல் போனது. அதே ஆண்டு செப்டம்பரில், மதிப்பெண்களில் முன்னணியில் இருந்த ஒரு கறுப்பின மாணவியைப் பழைய உறுப்பினர்களின் அழுத்தத்தால் சங்கங்கள் நிராகரித்த செய்தியை ‘தி கிரிம்சன் ஒயிட்’ என்ற மாணவர் இதழ் வெளியிட்டது. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்களைத் தடுத்து அதே பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்று ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தேசியப் பத்திரிகைகள் பின்தொடர்ந்தன. பல்கலைக்கழகம் சேர்க்கையை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று.

அக்கறையோடு கேட்பது வேறு, அரைகுறையாக எழுதிவிடுவது வேறு. பிரிட்டனில் 2015-ல் பிரதமர் டேவிட் கேமரனின் ஆக்ஸ்ஃபோர்டு நாள்களைப் பற்றி ஒரு அருவருப்பான கதை, பெயர் சொல்லாத ஒற்றை ஆளின் வாய்மொழியை நம்பி அச்சேறியது. எழுதியவரே பிறகு அந்த ஆள் மனக்குழப்பத்தில் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். உலகமே அதைப் பேசியது. ஆக்ஸ்ஃபோர்டின் செல்வந்தர் மாணவர் சங்கங்கள் எப்படி ஒரு அமைச்சரவையை உருவாக்கின என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அமுங்கியது.

கமலா ஹாரிஸ் விஷயத்தில் அரைகுறைத்தனம் வேறு வடிவில் வந்தது. தாய்வழியில் துளசேந்திரபுரத்தோடு தொடர்புடைய அவர், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ சங்கத்தில் சேர்ந்தவர். வெள்ளையர் சங்கங்களின் கதவு மூடிக்கிடந்த 1908-ல், கறுப்பின மாணவியர் அதே பல்கலைக்கழகத்தில் தமக்கெனத் தொடங்கிய முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. 2019 ஜனவரியில் தென் கரோலினாவில் அவர் பேசியபோது சங்கப் பெண்கள் தங்கள் மரபுப்படி ‘ஸ்கீ-வீ’ என்று குரல் எழுப்பினார்கள். செய்தி சேகரிக்கப் போயிருந்த நிருபர் ஒருவர், அவர்கள் கிறீச்சிட்டதாக எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல நேர்ந்தது. நூறாண்டு கடந்த ஒரு அமைப்பின் அடிப்படை கூடத் தெரியாமல் வேட்பாளரைப் பின்தொடர அனுப்பியது அந்தப் பத்திரிகையின் குறை. ஐந்து ஆண்டுகளில் காற்று எதிர்த்திசைக்கு மாறியது. 2024-ல் அதே சங்கத்தை ஹாரிஸின் பெரும் பலமாகப் பத்திரிகைகள் போற்றின. அதே ஆண்டில் அந்தச் சங்கமும் தனக்கென ஒரு அரசியல் நிதிக் குழுவைப் பதிவு செய்தது. லாட்டிடம் கேட்க வேண்டியதை ஹாரிஸிடமும் கேட்டே ஆக வேண்டும். ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய சங்கத்தின் வரலாறு பெருமைக்குரியது. அதன் பணம் தேர்தலுக்குள் வரும்போது, மற்ற பணத்துக்குள்ள கேள்விகள் அதற்கும் உண்டு.

புதிய சட்டப்படி அமெரிக்கக் கல்லூரிகள் ராகிங் குற்றங்களைச் சங்கத்தின் பெயரோடு வெளியிட வேண்டிய முதல் கெடு 2025 டிசம்பர். வேட்பாளர்கள் வாங்கும் நன்கொடைப் பட்டியல் ஏற்கெனவே தேர்தல் ஆணையத்தின் பொது ஆவணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க எந்தக் கல் கட்டடத்தின் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை. எந்தச் சங்கம் தண்டிக்கப்பட்டது, அதன் பழைய உறுப்பினர்களில் யார் கல்லூரிகளுக்கான சட்டங்களை எழுதும் குழுக்களில் இருக்கிறார்கள், யாரிடம் பணம் வாங்கினார்கள், யாரைப் பதவியில் அமர்த்தினார்கள் என்று பெயர் பெயராக எழுத வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரிடமும் அதைக் கேட்க வேண்டும். அது ரகசியம் என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே தலைப்பாக்கி, மறுநாளும் அதே கேள்வியோடு போய் நிற்க வேண்டும்.