பெயர் எழுதாத படங்கள்

ஆயுத பூசை வந்துவிட்டால் திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள பட்டறைகள், அச்சகங்கள், லாரி ஷெட்டுகள், அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம்; வாசலில் உடைத்த பூசணிக்காய்; தட்டில் பொரி, கடலை. பூசை முடிந்ததும் யாராவது ஒருவர், "எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று கூப்பிடுவார். முதலாளி நாற்காலியில் அமர்வார். தொழிலாளிகள் பின்னால் நிற்பார்கள். "கொஞ்சம் நகரு" என்று ஒருவர் சொன்னால், "ஜருகு" என்று இன்னொருவர் தெலுங்கில் சொல்வார். இருவரும் ஒரே படத்தில் விழுவார்கள்.

அந்தப் படம் பிறகு என்ன ஆகிறது? ஒரு வாரம் செல்போன்களில் சுற்றுகிறது. அப்புறம் தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், பத்து ஆண்டுகள் கழித்து "இடது கோடியில் நிற்பவர் யார்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நண்பரின் சாவு என் எண்ணத்தை மாற்றியது.

நிழல் மட்டும் இருந்தது

1983-ல் நான் திருப்பதியில் குமாஸ்தா. ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறையில் குடியிருந்தோம். மூவர் தமிழர், இருவர் தெலுங்கர். எங்களில் ஒருவரிடம் அக்ஃபா கிளிக்-3 காமிரா இருந்தது. பரோடாவில் தயாரான காமிரா. சம்பளக்காரர்களுக்கு எட்டக்கூடிய விலை. ஒரு பிலிம் சுருளில் 12 படங்கள்தான் எடுக்க முடியும். ஆகவே எண்ணி எண்ணித்தான் எடுப்பார். அறைக்கு முதன்முதலாக ஸ்டவ் வாங்கிச் சமைத்தது, போகிப் பண்டிகை, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனது, ஒருவர் மாற்றலாகிப் போனபோது ரயிலடியில் வழியனுப்பியது என்று எல்லாவற்றையும் எடுத்தார். கழுவி வந்ததும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுப்பார்.

சில ஆண்டுகளில் நாங்கள் பிரிந்துவிட்டோம். அந்த நண்பர் இளம் வயதிலேயே காலமானார். அவருடைய தம்பி ஊரிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "அண்ணன் படம் ஒண்ணு வேணும் சார். மாலை போட்டு வைக்க வீட்டிலே ஒண்ணுகூட இல்லை" என்றார்.

என் பெட்டியில் முப்பது படங்களுக்கு மேல் இருந்தன. இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றிலும் அவர் இல்லை. எடுத்தவர் அவர் அல்லவா?

சூரியன், படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அந்தக் காமிராக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. அதனால் இரண்டு மூன்று படங்களில் அவருடைய நிழல் மட்டும் தரையில் விழுந்திருந்தது. நிழலுக்கு எப்படி மாலை போடுவது? கடைசியில் அலுவலக அடையாள அட்டையில் இருந்த சிறு படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து, பெரிதாக்கி எடுத்துப் போனார் தம்பி. அதில் முகம் தெளிவாக இல்லை.

"காமிராவை இப்படிக் கொடு, நீ போய் நில்" என்று நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

திருநாள் படமும் தினசரி படமும்

அமெரிக்காவில் 1900-ல் ஒரு டாலர் விலையில் 'பிரௌனி' காமிரா வந்தபோதே படம் எடுப்பது சாதாரண மக்கள் கைக்கு வந்துவிட்டது. நமக்கு அது மெதுவாகத்தான் வந்தது. உதகமண்டலத்தில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1967-ல். அதன் பிறகும் தொழிலாளி வீட்டில் படம் என்றால் ஸ்டூடியோ படம்தான். கல்யாணத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, திருமலையில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகளோடு குடும்பமாக நின்று ஒன்று. இவ்வளவுதான் சுவரில் தொங்கும்.

இவையெல்லாம் திருநாள் படங்கள். ஆனால் ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவனின் வாழ்க்கை திருநாளிலா கழிகிறது? காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த அறை நண்பன், மாதக் கடைசியில் கைமாற்று கொடுத்த சக ஊழியர், மாங்கூழ் ஆலையில் சீசன் முழுவதும் ஒரே ஷிப்டில் நின்றவர்கள், நகரியில் அடுத்த தறியில் ஓட்டியவர்கள் ஆகியோரோடுதான் கழிகிறது. உறவினர் படம் எப்படியும் யாரிடமாவது இருக்கும். இந்த நண்பர்களின் படத்தை நாம் வைத்திருக்காவிட்டால் வேறு யாரிடமும் இருக்காது.

யாருடைய சரித்திரம்?

சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1-ஆம் தேதி வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. பிறகு ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைப் போராட்டத் தலைவர்களின் படங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. எல்லை இங்கும் அங்கும் நகர்ந்தபோது, ஒரே பட்டறையில் வேலை செய்து, ஒரே கிளப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு மொழிக்காரர்களின் படங்கள் எங்கே? இருந்தால் அவை வீட்டுப் பரண்களில்தான் இருக்கும்.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்துப் பாதுகாத்திருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் படங்களுக்கும் சரித்திர மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் பழைய படம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். படத்தில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெயர் இல்லாத முகத்தை யார் தேடி வருவார்கள்?

"செல்போனில்தான் எல்லாம் இருக்கிறதே!"

இப்படிச் சொல்பவர்கள் பலர். 12 படங்களை எண்ணி எடுத்த காலம் போய், இன்று ஒரு மாலைக்குள் நூறு படங்கள் எடுக்கிறோம். ஆனால் போன் தொலைந்தால் படமும் தொலைகிறது. போன் பழுதானால் படமும் போகிறது. வாட்ஸ்அப்பில் வரும் படம் பொதுவாகச் சுருக்கப்பட்டே வருகிறது, பெரிதாக்கினால் மங்குகிறது. ஆயிரம் படங்களுக்கு நடுவே நமக்கு வேண்டிய ஒன்று எது என்று நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொன்றும் உண்டு. இங்கே நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு, அப்பா தமிழில் எழுதிய பெயர் வெறும் கோடுகள்தான். தமிழிலும் எழுதுங்கள், தெலுங்கிலும் எழுதுங்கள். பிள்ளை தெலுங்கில் பெயரைப் படித்துவிட்டு, பக்கத்தில் உள்ள தமிழ் எழுத்தை அடையாளம் கண்டுகொள்ளும். பெயர் எழுதிய படம் நல்ல அரிச்சுவடியும்கூட.

செய்ய வேண்டியது

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுங்கள். யார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். பென்சிலால் மெதுவாக எழுதலாம். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால், படத்தை ஓர் உறையில் போட்டு உறைமேல் எழுதலாம். வண்ணப் படங்கள் வெயில் பட்டால் வெளுக்கும். அவற்றைச் சுவரில் மாட்டுவதைவிடப் பெட்டியில் வைப்பது நல்லது.

படத்துக்கு நிற்கும்போது, வாட்ச்மேனையும் பெருக்கும் அம்மாவையும் டீ கொண்டுவரும் பையனையும் கூப்பிடுங்கள். ஓய்வு பெறும் அதிகாரிக்கு மாலை போட்டு எடுக்கும் படத்தில் இவர்களை நாம் பார்ப்பதே இல்லை. சமையல்கட்டில் நிற்கும் பெண்களையும் அழையுங்கள். ஆனால் அவர்கள் படத்தை நாலு பேருக்கு அனுப்பும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லோரும் நின்று, படம் எடுத்து முடிந்ததும், கலைந்து போய்விடாதீர்கள். எடுத்தவரிடமிருந்து போனை வாங்கி வேறொருவர் கையில் கொடுத்து, அவரையும் நடுவில் நிறுத்தி இன்னொரு படம் எடுங்கள். வரும் ஆயுத பூசையிலேயே இதைத் தொடங்கலாம்.